ஸ்டீல் சட்டச் சுவரில் வெப்பம் ஒழுகாமல் தடுப்பது எப்படி? புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

இன்சுலேஷன் கட்டின் மேல் ஆர்-20 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு; எண் கூடினால் தடுப்பும் கூடும். அதை வாங்கி ஸ்டீல் ஸ்டட்களுக்கு (சுவரில் நெட்டுக்குத்தாக நிற்கும் சட்டக் கால்கள்) நடுவே அடைத்து, டிரைவால் என்ற ஜிப்சம் பலகையைப் போட்டு மூடிவிட்டால் சுவருக்கு ஆர்-20 வந்துவிட்டது என்றுதான் புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் கிடைப்பது ஏழு சொச்சம். மீதியை ஸ்டீல் தின்றுவிடுகிறது.

கனடாவுக்கு வந்து கட்டட வேலையில் சேரும் நம் ஆட்களில் பலர் ஊரில் செங்கல், கான்கிரீட் என்று பழகியவர்கள். இங்கே மரச் சட்ட வீடுகளில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, பிறகு ஸ்டீல் பேனல் செய்யும் பட்டறைக்கோ, அடுக்குமாடிக் கட்டட சைட்டுக்கோ போவார்கள். மரத்தில் கற்றுக்கொண்டதை அப்படியே ஸ்டீலுக்குக் கொண்டுபோனால் சரிவராது. டொராண்டோவில் வெப்ப வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் ஜனவரிக் குளிர் மைனஸ் 18 டிகிரி. வின்னிபெக்கில் மைனஸ் 33. இந்தக் குளிரில் சின்ன ஓட்டைக்குக்கூட விலை உண்டு.

இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: உலோகம் உள்ளே இருந்து வெளியே வரை அறுபடாமல் போகக் கூடாது. எந்த இடத்தில் போகிறதோ, அங்கே எத்தனை அங்குலம் இன்சுலேஷன் பஞ்சு வைத்தாலும் பணம்தான் வீண்.

அந்த மெல்லிய தகடு என்ன செய்கிறது

ஸ்டீல் ஸ்டட் என்பது சி வடிவில் மடித்த தகடு. சுமை தாங்கும் பேனல்களில் அதிகம் புழங்கும் 18 கேஜ் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 16 அங்குலத்துக்கு ஒன்று என்று நிறுத்தினால் சுவரின் பரப்பில் அந்தத் தகடு பிடிக்கும் இடம் 0.27 சதவீதம். ஆயிரத்தில் மூன்று பங்குகூட இல்லை. இவ்வளவு சிறிய இடம் என்ன செய்துவிடும் என்று தோன்றும்.

ஆனால் மினரல் வூல் என்ற கல்லிழைப் பஞ்சின் வெப்பக் கடத்துதிறன் (மீட்டர்-கெல்வினுக்கு வாட் கணக்கில்) சுமார் 0.04, மரத்துக்கு 0.12, ஸ்டீலுக்கு ஏறக்குறைய 50. அதாவது பஞ்சைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். பரப்பையும் கடத்துதிறனையும் பெருக்கிப் பாருங்கள்: ஸ்டீல் பக்கம் 0.13 வருகிறது, பஞ்சுப் பக்கம் 0.04 வருகிறது. ஆயிரத்தில் மூன்று பங்கு இடத்தைப் பிடித்திருக்கும் பொருள், மீதி 997 பங்கையும் சேர்த்ததைவிட அதிக வெப்பத்தைக் கடத்தத் தயாராக இருக்கிறது. நடைமுறையில் இருபுறமும் உள்ள பலகைகள் கொஞ்சம் தடுப்பதால் இழப்பு இந்த அளவுக்குப் போவதில்லை. இருந்தாலும் நிலைமை மோசம்தான்.

எவ்வளவு மோசம் என்பதற்கு, ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் 90.1 ஆற்றல் தரநிலையில் அட்டவணையே இருக்கிறது. 3.5 அங்குல ஸ்டட், 16 அங்குல இடைவெளி, நடுவில் ஆர்-13 பஞ்சு என்றால் அந்த அடுக்குக்கு உண்மையில் கிடைப்பது ஆர்-6. ஆறு அங்குல ஸ்டட்டுக்கு மாறி ஆர்-21 வைத்தால் ஆர்-7.4. எட்டு அங்குலத்தில் ஆர்-25 வைத்தால் 7.8. பஞ்சை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியும் ஏறியது இரண்டுக்கும் குறைவு! ஸ்டட் ஆழமாக ஆக, காசு வீணாவதும் கூடுகிறது.

அதே அட்டவணையில் இன்னொன்றையும் கவனியுங்கள். இடைவெளியை 24 அங்குலமாக்கினால் ஆர்-13 பஞ்சு 7.2 தருகிறது. எதையும் கூட்டாமல், ஸ்டட்டைக் குறைத்ததற்கே ஐந்தில் ஒரு பங்கு லாபம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒப்புக்கொண்டால் இதை முதலில் கேளுங்கள். இதைவிட மலிவான வழி கிடையாது.

முதலில், உங்கள் கையில் இருப்பது எந்த வகை?

ஸ்டீல் சட்ட இன்சுலேஷன் பேனல் என்ற ஒரே பெயரில் வேறு வேறு பொருட்கள் சைட்டுக்கு வருகின்றன.

பட்டறையில் ஸ்டட், அதன் மேல்கீழ் முனைகளைப் பிடிக்கும் டிராக், வெளிப்பக்கம் சட்டத்தை மூடும் ஷீத்திங் பலகை எல்லாம் சேர்த்து, சில சமயம் வெளிப்புற இன்சுலேஷனும் போட்டு அனுப்பும் பேனல் ஒரு வகை. இங்கே ஸ்டட் சுவரின் இந்த முகத்திலிருந்து ஷீத்திங் வரை முழுதாக ஊடுருவுகிறது. அடுத்தது, தடித்த இ.பி.எஸ். (தெர்மோகோல் வகை) நுரைப் பலகையின் இரு முகங்களிலும் தனித்தனி ஸ்டீல் துண்டுகளைப் பாதி புதைத்த பேனல். உள்பக்க ஸ்டீலும் வெளிப்பக்க ஸ்டீலும் ஒன்றை ஒன்று தொடாது. நடுவில் நுரை இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் மேலும் கீழும் டிராக் வரும் இடத்திலும், ஜன்னல் ஓரங்களிலும் ஒரே தகடு குறுக்கே போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுவார்கள். மூன்றாவது, இரு ஸ்டீல் தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை நிரப்பிய சாண்ட்விச் பேனல். குளிர்பதனக் கிடங்குகளில் பார்த்திருப்பீர்கள். அதில் பலவீனம் மூட்டுகளில்தான், நடுவில் இல்லை.

ஸ்வீடன், பின்லாந்து பக்கம் இன்னொரு வழியும் உண்டு. ஸ்டட்டின் நடுத்தகட்டில் நீளநீளமான துளைகளை வரிசை மாற்றி வெட்டிவிடுவார்கள். வெப்பம் நேரே போக முடியாமல் வளைந்து வளைந்து போக வேண்டியிருக்கும். பாதை நீளும், இழப்பு குறையும். ஆனால் துளை போட்ட தகட்டின் பலமும் குறையும். அதனால் சாதாரண ஸ்டட்டை எடுத்து நீங்களே துளை போடும் வேலையெல்லாம் வேண்டாம்.

இனி வரும் படிகள் முதல் வகைப் பேனலை மனதில் வைத்து எழுதியவை. மற்ற இரண்டுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வரைபடத்தில் பென்சிலை ஓட்டுங்கள்

சுவரின் குறுக்குவெட்டுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தளத்தில் இன்சுலேஷன் ஆரம்பிக்கும் இடத்தில் பென்சிலை வைத்து, இன்சுலேஷன் அடுக்குக்குள்ளேயே மேலே கூரை வரை ஓட்டுங்கள். பென்சிலை எடுக்காமல் போக முடிய வேண்டும். தள ஸ்லாப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, பால்கனி இருக்கிறதா, செங்கல் முகப்பைத் தாங்கும் கோண இரும்பு இருக்கிறதா, கூரையின் கைப்பிடிச் சுவர் நடுவில் வருகிறதா? பென்சில் எங்கே தடைப்பட்டாலும் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுங்கள். அப்புறம் இன்னொரு நிறத்தில் காற்றுத் தடுப்புப் படலத்தையும் இதேபோல் தேடிப் பாருங்கள்.

சின்ன வேலைதான், கால் மணி நேரம் ஆகும். பட்டறையில் பேனல் வெட்டிய பிறகு கண்டுபிடிக்கும் தப்பைத் திருத்த எவ்வளவு நேரமாகும் என்று அங்கே வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள்.

உண்மையான ஆர் மதிப்பைக் கணக்கிடுங்கள்

கனடா தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 9.36 பிரிவு, சிறிய கட்டடங்களுக்கான ஆற்றல் விதிகளைச் சொல்கிறது. அது கேட்பது கட்டின் மேல் அச்சிட்ட மதிப்பை அல்ல. சட்டத்தின் இழப்பையும் கழித்துவிட்டு மிஞ்சும் மதிப்பை. வெப்ப மீட்பு வென்டிலேட்டர் இல்லாத வீட்டுக்கு 5, 6 ஆம் தட்பவெப்ப மண்டலங்களில் தரைக்கு மேலுள்ள சுவர் ஆர்எஸ்ஐ (ஆர் மதிப்பின் மெட்ரிக் அளவு) 3.08 இருக்க வேண்டும். 5.68 ஆல் பெருக்கினால் ஆர்-17.5. ஒன்டாரியோ மாதிரி மாகாணங்களுக்குத் தனி விதிகள் உண்டு. உங்கள் பெர்மிட்டில் எது பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறையைப் பழக இந்த எண் போதும்.

உள்ளிருந்து தொடங்குவோம். உட்புறக் காற்றுப் படலம் 0.68. அரை அங்குல டிரைவால் 0.45. ஆர்-13 பஞ்சு அடைத்த ஸ்டட் அடுக்கு 6. ஷீத்திங் 0.5. வெளிக் காற்றுப் படலம் 0.17. கூட்டினால் ஆர்-7.8. இன்னும் சுமார் 9.7 வேண்டும்.

ஸ்டட்டை ஆறு அங்குலமாக்கினால்? 1.4 தான் கூடும் என்று மேலேயே பார்த்தோம். அந்தப் பக்கம் போய்ப் பயனில்லை. எனவே ஷீத்திங்கின் வெளிப்புறத்தில், ஸ்டட்கள் குறுக்கிடாத தொடர் இன்சுலேஷன் வேண்டும். கெட்டி மினரல் வூல் பலகை அங்குலத்துக்குச் சுமார் ஆர்-4.2 தரும். மூன்று அங்குலம் என்றால் 12.6. ஆனால் வெளியே முகப்பு உறையான கிளாடிங்கைத் தாங்க ஏதோ ஒரு உலோகம் இந்தப் பலகையையும் குத்திக்கொண்டு போகத்தான் செய்யும். நல்ல கிளிப்களை (தனித்தனியாக நிற்கும் சிறு தாங்கிகள்) பயன்படுத்தினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம், மிச்சம் 10.1. மொத்தம் 17.9. தேறிவிட்டது.

இதே மூன்று அங்குலப் பலகையை, தொடர்ச்சியான இசட் வடிவ இரும்புப் பட்டைகளை வைத்துப் பிடித்தால் பாதி போய்விடும். 7.8 உடன் 6.3 சேர்த்தால் 14.1. தேறாது. அதே பலகை, அதே கனம், அதே விலை. பிடிக்கும் இரும்பு மாறியதும் சுவர் விதியை எட்டவில்லை.

இது கையால் போடும் தோராயக் கணக்கு. பெர்மிட்டுக்குக் கொடுக்க வேண்டியதை ஆற்றல் ஆலோசகர் மென்பொருளில் போடுவார். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் தெர்ம் என்ற இலவச மென்பொருளில் இரு பரிமாணக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இன்சுலேஷனைக் கடந்து வெப்பம் ஒழுகும் இடங்களை வெப்பப் பாலங்கள் என்பார்கள்; அவை பற்றி பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2014 இல் வெளிவந்த கையேடு ஒன்று உண்டு. ஸ்லாப் விளிம்பு, பால்கனி, ஜன்னல் ஓரம் என்று ஒவ்வொரு மூட்டுக்கும் எவ்வளவு இழப்பு என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். இந்தத் துறையில் நிலைத்து நிற்கப்போகிறீர்கள் என்றால் அதை ஒருமுறையாவது புரட்டிப் பாருங்கள்.

தண்ணீர் எங்கே படியும் என்று பாருங்கள்

வெப்ப இழப்பு பில்லில் தெரியும். நீர் படிவது சுவருக்குள்ளே நடக்கும், வருடக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாது. எனக்குப் பயம் இரண்டாவதில்தான்.

உள்ளே 21 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 5 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பில் அந்தக் காற்று பட்டாலும் தண்ணீர் விடும். இப்போது டொராண்டோவின் மைனஸ் 18 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்புற இன்சுலேஷன் இல்லாத சுவரில், இரு ஸ்டட்களுக்கு நடுவே ஷீத்திங்கின் உள்முகம் சுமார் மைனஸ் 16 இல் இருக்கும். பஞ்சுக்குள் கசியும் ஈரக் காற்று அங்கே பனியாக உறைந்து, வெயில் அடிக்கும் நாளில் உருகி, கீழ் டிராக்கில் வந்து தேங்கும். டிராக் துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

வெளியே மூன்று அங்குலம் போட்டால் அதே இடம் பூஜ்ஜியத்துக்கு அருகில் வந்துவிடும். முன்னேற்றம்தான், ஆனாலும் பனிநிலைக்குக் கீழேயே இருக்கிறது. எனவே உட்பக்க நீராவித் தடுப்பையும், காற்றுக் கசிவை அடைப்பதையும் விட்டுவிட முடியாது.

துணிந்த வழி ஒன்று உண்டு. ஸ்டட்களுக்கு நடுவே ஒன்றுமே அடைக்காமல் வெறுமனே விட்டு, முழு இன்சுலேஷனையும் வெளியே கொண்டுபோவது. ஐந்து அங்குல மினரல் வூல் வெளியே போட்டால், கிளிப்களுக்குக் கழித்த பிறகும் சுவர் ஆர்-19 ஐ ஒட்டி நிற்கும். ஷீத்திங் 17 டிகிரியில் கதகதப்பாக இருக்கும். நீர் படியும் பேச்சே இல்லை. ஸ்டட் முழுக்க வீட்டின் சூட்டிலேயே இருக்கிறது, ஸ்டீல் எவ்வளவு கடத்தினாலும் கவலையில்லை. சுவர் தடித்துவிடும், கிளிப் நீளமாகும், ஜன்னல் ஓர வேலை கூடும். அவை உண்மையான சிரமங்கள். இருந்தாலும் என்னைக் கேட்டால், இடம் இருக்கும் கட்டடத்தில் ஸ்டீல் சட்டத்துக்கு இதைவிட நிம்மதியான சுவர் கிடையாது. பஞ்சையும் வைத்து, வெளியேயும் கொஞ்சம் போட்டு, இரண்டுங்கெட்டானாக நிற்பதைத்தான் பல இடங்களில் பார்க்கிறேன். விலைக்காகச் செய்கிறார்கள்; புரிகிறது.

பட்டறையில் மூடும் முன்

மரச் சட்டத்தில் வேலை பார்த்தவர்கள் பஞ்சு வாங்கும்போதே தடுக்கி விழுவார்கள். மர ஸ்டட்டுக்கான பஞ்சு 15 அங்குல அகலம். இரண்டு கட்டைகளுக்கு நடுவிலுள்ள பதினாலரை அங்குல இடைவெளியில் அது இறுக்கமாக உட்காரும். ஸ்டீல் ஸ்டட் சி வடிவம் என்பதால் அதன் வயிற்றுக்குள்ளும் பஞ்சு போக வேண்டும். அதற்கு முழு 16 அங்குலம் அல்லது 24 அங்குல அகலத்தில், ஸ்டீல் ஸ்டட்டுக்கென்றே தனியாக விற்பார்கள். 15 அங்குலத்தை வைத்துவிட்டால் ஒவ்வொரு ஸ்டட்டின் வயிற்றிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு வெற்றுக் குழாய் நிற்கும். குளிர்ந்த காற்று அதில் சுற்றிச் சுற்றி ஓடும். பஞ்சை முதலில் சி யின் திறந்த பக்கத்துக்குள் நன்றாகத் தள்ளி, பிறகு மறுமுனையை அடுத்த ஸ்டட்டின் முதுகில் அழுத்துங்கள். ஸ்டட்களின் வாய் எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தால் இந்த வேலை சட்டென்று முடியும்.

அடுத்தது, பெட்டிகள். ஜன்னலுக்கு மேலுள்ள ஹெடர், இரண்டு ஸ்டட்களை முகத்தோடு முகம் சேர்த்த ஓரக் கால், மூன்று ஸ்டட் சேரும் மூலை இவையெல்லாம் திருகி மூடிய பிறகு உள்ளே கைவிட முடியாத பெட்டிகள். மூடும் முன்பே பஞ்சு வைத்தாக வேண்டும். பட்டறையில் சட்டம் கட்டுபவர் ஒருவர், இன்சுலேஷன் வைப்பவர் இன்னொருவர். முதல் ஆள் மூடிவிட்டுப் போய்விடுவார், இரண்டாம் ஆள் வந்து தோளைக் குலுக்குவார். சட்டம் கட்டும் மேசையின் பக்கத்திலேயே பஞ்சுத் துண்டுகள் ஒரு பெட்டியில் இருக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லி வையுங்கள்.

மூலைகளில் ஸ்ட்ரக்சருக்குத் தேவையில்லாத ஸ்டட்டை விட்டுவிட முடியுமா என்றும் கேளுங்கள். டிரைவாலைப் பிடிக்க மட்டும் நிற்கும் மூன்றாவது ஸ்டட்டுக்குப் பதில் ஒரு சின்னக் கிளிப் போதும்.

கிளாடிங்கைத் தாங்கும் இரும்பு

மூன்று அங்குலக் கணக்கில் தேறுவதும் தோற்பதும் எங்கே முடிவானது என்று பார்த்தீர்கள். அதனால் இதில் கொஞ்சம் நிதானிப்போம்.

இசட் பட்டையை மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஸ்டட்டின் மேலும் நேராக அடிப்பதுதான் பழைய வழக்கம். வேகமான வேலை, சுலபமான வேலை. ஆனால் ஸ்டட், ஷீத்திங், இசட் பட்டை, கிளாடிங் என்று உலோகம் அறுபடாமல் வெளியே போய்விடுகிறது. படுக்கை வசமாகப் போட்டால் ஸ்டட்டைத் தொடும் இடங்கள் குறையும், சற்றுப் பரவாயில்லை. அதைவிட நல்லது, தொடர் பட்டைக்குப் பதில் தனித்தனிக் கிளிப்கள். அவற்றின் தலையில் வெளியே ஒரு ரெயில். உலோகம் இன்சுலேஷனைக் குத்துவது கிளிப் நிற்கும் புள்ளிகளில் மட்டும்தான்.

கிளிப் எதனால் ஆனது என்பதும் முக்கியம். அலுமினியம் சாதாரண ஸ்டீலைவிட மூன்று மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாதாரண ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். ஃபைபர்கிளாஸ் கிளிப் இரண்டையும்விட மிகக் குறைவு; ஆனால் அதையும் நீளத் திருகாணியால்தான் முடுக்குகிறோம், அந்தத் திருகாணி ஸ்டீல்தான். அலுமினியக் கிளிப்பின் அடியில் வைக்கும் பிளாஸ்டிக் அட்டை ஓரளவு உதவும். அட்டையை வைத்துவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள்.

கிளிப்களின் எண்ணிக்கையை இன்ஜினியர் காற்றழுத்தத்துக்கும் கிளாடிங் எடைக்கும் ஏற்பத் தருவார். சைட்டில் "ஒன்று கூட இருந்தால் நல்லதுதானே" என்று கூடுதலாக அடிக்காதீர்கள். ஒவ்வொரு கிளிப்பும் ஒரு கசிவு. அதேபோல், ஸ்டட்டைத் தவறவிட்டு வெறும் ஷீத்திங்கில் இறங்கிய திருகாணியை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று அடிப்பது எல்லா சைட்டிலும் நடக்கும். அது எதையும் பிடிக்காமல் குளிரை மட்டும் உள்ளே கொண்டுவரும். முனையில் நீர் கோக்கும். பிடுங்கி எடுத்து, துளையை சீலன்ட் போட்டு அடையுங்கள்.

செங்கல் முகப்பு உள்ள கட்டடத்தில் ஒவ்வொரு தளத்திலும் கோண இரும்பு ஒன்று செங்கலைத் தாங்கும். அதை ஸ்லாப்போடு ஒட்டி நீளத்துக்கும் போல்ட் அடித்தால் அந்த வரிசையில் இன்சுலேஷனே இல்லை என்று அர்த்தம். இடைவெளி விட்டு நிற்கும் தகட்டு பிராக்கெட்டுகளில் கோண இரும்பைத் தொங்கவிட்டால், அதன் பின்னால் இன்சுலேஷன் தொடர்ந்து போகும். பென்சில் சோதனையில் சிவப்பு வட்டம் இங்கே விழுந்திருந்தால், ஆர்க்கிடெக்டிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இன்சுலேஷன் பொருளைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு வார்த்தை. நுரைப் பலகைகள் அங்குலத்துக்கு அதிக மதிப்புத் தரும், எக்ஸ்.பி.எஸ். சுமார் ஆர்-5, பாலிஐசோ அதற்கும் மேல். ஆனால் பாலிஐசோவின் மதிப்பு கடும் குளிரில் இறங்கும். அதோடு நுரை எரியும். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்தார்கள். அங்கே தீ பரவியது பாலிஎத்திலீன் நடுப்பகுதி கொண்ட அலுமினிய கிளாடிங் வழியாக, அதன் பின்னால் இருந்ததும் நுரை இன்சுலேஷன். உயரமான கட்டடத்தில் மினரல் வூல் என்று எழுதியிருந்தால், கையிருப்பில் உள்ள நுரையை அதற்குப் பதிலாக வைக்கும் யோசனை யாருக்கும் வரக் கூடாது.

ஜன்னலும் அடிப்பகுதியும்

ஜன்னல் திறப்பைச் சுற்றி ஸ்டட், டிராக், ஓரக் கால் எல்லாம் குவிகின்றன. சுவரிலேயே ஸ்டீல் அதிகமுள்ள இடம் அதுதான். ஜன்னல் சட்டத்தின் வெப்பத் தடுப்புப் பகுதி, வெளிப்புற இன்சுலேஷன் இருக்கும் தளத்தோடு நேர்கோட்டில் வர வேண்டும். ஜன்னலைக் கிளாடிங்கோடு ஒட்டி வெளியே தள்ளினாலோ, டிரைவாலை ஒட்டி உள்ளே இழுத்தாலோ வெப்பம் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வெளியேறும். திறப்பின் ஓரத்தை வெளிப்புற இன்சுலேஷனால் மூடி, ஜன்னல் சட்டத்தின் மேல் கொஞ்சம் ஏறும்படி செய்யுங்கள். ஓரத்தில் மடிக்கும் உலோக ஃபிளாஷிங் (மழைநீரை வெளியே திருப்பும் தகடு), உள்ளே ஸ்டட்டைத் தொட்டுக்கொண்டு வெளியே கிளாடிங் வரை ஒரே தகடாகப் போனால், முந்தைய உழைப்பெல்லாம் அந்தத் தகட்டோடு போயிற்று.

கீழ் டிராக் கான்கிரீட்டின் மேல் உட்காரும் இடத்தில் நுரை கேஸ்கெட் போடுங்கள். சுவரின் வெளிப்புற இன்சுலேஷன், ஸ்லாப் விளிம்பைத் தாண்டி அடித்தள இன்சுலேஷனோடு முட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் கான்கிரீட் தெரிந்தால், குளிர்காலத்தில் அந்த ஓரத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது.

காற்றை அடைப்பது

பேனல் வேலையில் காற்று நுழைவது பேனலுக்குள் அல்ல, பேனலும் பேனலும் சேரும் இடத்தில். ஷீத்திங்கின் மேல் ஒட்டும் காற்றுத் தடுப்புப் படலத்தை (மெம்பிரேன்) பட்டறையிலேயே போட்டு அனுப்பினால், ஓரங்களில் ஒட்டாமல் ஒரு பட்டை விட்டிருப்பார்கள். சைட்டில் அடுத்த பேனலின் மேல் அதை மடித்து ஒட்ட வேண்டும். குளிரில் பசை பிடிக்காது. ப்ரைமர் தடவி, ரோலரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கையால் தட்டிவிட்டுப் போனால் ஒரு வாரத்தில் உரிந்துவிடும். நுரைப் பேனல் என்றால் மூட்டில் குறைவாக விரியும் ஸ்ப்ரே நுரை போதும். அதிகம் விரிவது பேனலையே தள்ளிவிடும்.

கிளாடிங் ஏறும் முன்பே ப்ளோயர் டோர் சோதனை (வாசலில் விசிறி பொருத்திக் காற்றுக் கசிவை அளப்பது) வைக்கச் சொல்லுங்கள். வீடுகளில் 50 பாஸ்கல் அழுத்தத்தில், பெரிய கட்டடங்களில் பொதுவாக 75 பாஸ்கலில் அளப்பார்கள். கிளாடிங் போட்ட பிறகு கசிவு தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

கேமராவை எடுங்கள்

வெப்பக் கேமரா இப்போது போனில் மாட்டும் அளவுக்கு வந்துவிட்டது. உள்ளும் வெளியும் குறைந்தது 10 டிகிரி வித்தியாசம் இருக்கும் நாளில், சூரியன் சுவரில் படும் முன், அதிகாலையில் பாருங்கள். உள்ளிருந்து பார்க்கும்போது 16 அங்குலத்துக்கு ஒரு நீலக் கோடு தெரிந்தால் ஸ்டட்கள் வெளியே பேசிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஒழுங்கில்லாத திட்டுகள் என்றால் பஞ்சு வைக்காத இடம். விரல் விரலாக விரியும் நிழல் என்றால் காற்றுக் கசிவு. பளபளப்பான உலோகத்தில் படும் எண்ணை நம்பாதீர்கள். எதிரில் நிற்கும் உங்கள் சூட்டைத்தான் அது திருப்பிக் காட்டும். வேண்டுமானால் ஒரு துண்டு டேப் ஒட்டி அதன் மேல் அளக்கலாம்.

ஏற்கெனவே கட்டிய சுவர் என்றால்

சில அலுவலகங்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வெளிச்சுவரின் டிரைவாலில் நெட்டுக்குத்தாக மங்கலான கறுப்புக் கோடுகள் தெரியும். பெயிண்ட் அடித்தாலும் சில குளிர்காலங்களில் திரும்ப வரும். ஸ்டட் நிற்கும் இடம் சுற்றியுள்ள சுவரைவிடக் குளிர்ந்திருப்பதால் அங்கே தூசி அதிகம் ஒட்டுகிறது. பெயிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கிளாடிங்கை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் வெளிப்புற இன்சுலேஷனைச் சேர்க்க அதுதான் நேரம். மாற்றப்போவதில்லை என்றால் உட்பக்கம் ஸ்டட்களின் மேல் ஒன்றரை அங்குல நுரைப் பலகையை இடைவெளியில்லாமல் போட்டு, மூட்டுகளை டேப் ஒட்டி, அதன் மேல் புது டிரைவால் போடலாம். நுரையைத் திறந்து வைக்கத் தீ விதிகள் அனுமதிக்காது. ஸ்டட்கள் அதைக் குறுக்கிடாததால், திருகாணிகள் தின்பது போக எக்ஸ்.பி.எஸ்.ஸின் ஆர்-7.5 இல் பெரும்பகுதி அப்படியே கிடைக்கும். ஆனால் இப்போது ஸ்டட்டும் ஷீத்திங்கும் முன்பைவிடக் குளிர்ந்துவிடும். டேப் ஒட்டாமல் விட்ட ஒரு மூட்டு, ப்ளக் பெட்டியின் ஓரம் என்று எங்கே ஈரக் காற்று நுழைந்தாலும் நீர் படிவது முன்பைவிட மோசமாகும். தள ஸ்லாப் விளிம்பின் இழப்பும் அப்படியே இருக்கும். எனவே நான்கைந்து வருடத்தில் முகப்பை மாற்றும் திட்டம் கட்டட நிர்வாகத்திடம் இருந்தால், உள்ளே கைவைக்காமல் காத்திருங்கள் என்பேன். அதுவரை ப்ளக் பெட்டிகளின் ஓரத்தை சீலன்ட் போட்டு அடைத்து, கடுங்குளிர் நாட்களில் உள் ஈரப்பதத்தை 30 சதவீதத்துக்கு இறக்கி வையுங்கள். பனிநிலை 3 டிகிரிக்கு அருகில் வந்துவிடும்.